விளக்கைப் போட்டால் அடிக்கும் வாஷிங் மெஷின்: வயர் நிறங்களைப் படிக்கும் முறை

ஆனையூரில் ஒரு மாடி வீடு. அங்கே குடியிருந்த அக்கா தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்: “விளக்கைப் போட்டால் மட்டும் வாஷிங் மெஷினில் ஷாக் அடிக்கிறது, அண்ணே. அணைத்துவிட்டால் ஒன்றும் இல்லை.” முப்பது ஆண்டுகளாக மதுரையில் வயர்மேன் வேலை பார்க்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் வயிறு கலங்கியது. மெஷினைத் தொட வேண்டாம், பிளக்கைக்கூடப் பிடுங்க வேண்டாம், மெயினை இறக்கிவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

குளியலறைக்கு வெளியே இருந்த சுவிட்ச் போர்டைக் கழற்றினால் உள்ளே ஒரே ஒரு பச்சை வயர். அது குளியலறை விளக்கிலிருந்து வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அந்த விளக்கைப் புதிதாகப் போட்டவர் கையில் மிஞ்சியிருந்தது பச்சை வயர்தான். சுவிட்சிலிருந்து விளக்குக்கு அதையே இழுத்துவிட்டார். பிறகு வாஷிங் மெஷினுக்கு சாக்கெட் வைக்க வந்தவர் எர்த், அதாவது கசிகிற கரண்ட்டை மண்ணுக்கு இறக்கும் வயர், தேடினார். பெட்டிக்குள் பச்சை தெரிந்தது. சாக்கெட்டின் எர்த் முனையை அதில் சேர்த்து முறுக்கிவிட்டார். விளக்கைப் போட்டால் பச்சையில் 230 வோல்ட். அது எர்த் முனை வழியாக நேராக மெஷினின் தகர உடம்புக்கு. கீழே ஈரத் தரை.

அந்த இருவரையும் நான் குற்றம் சொல்லவில்லை. முதலாமவருக்கு வயர் போதவில்லை. இரண்டாமவர், பச்சை என்றால் எர்த் என்று கற்றதை அப்படியே நம்பினார். வயரின் நிறம், முன்னால் வேலை செய்தவர் என்ன நினைத்தார் என்பதைத்தான் சொல்லும். உள்ளே என்ன ஓடுகிறது என்பதைக் கருவிதான் சொல்ல வேண்டும். வீடு கட்டுகிறவர்களும் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகளும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர் வழக்கம். கரண்ட்டைக் கொண்டுவரும் வயர் பேஸ், அது திரும்பிப் போகும் வயர் நியூட்ரல். ஒற்றை பேஸ் இணைப்பில் பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. மூன்று பேஸ் இணைப்பில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பிரிட்டனில் இருந்த பழைய முறையின் வழியில் வந்தது இது. மூன்று பேஸ் வாங்கிய வீட்டில் ஹால் சிவப்பிலும், படுக்கையறை மஞ்சளிலும், மாடி நீலத்திலும் ஓடலாம். ஆகவே மாடி அறை போர்டைத் திறந்தால் சிவப்பே கண்ணில் படாது. “சிவப்பு இல்லை, அதனால் பேஸ் இல்லை” என்று கையை வைத்துவிடாதீர்கள்.

சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே இருக்கும் பெரிய துளை எர்த், வலது கை பேஸ், இடது கை நியூட்ரல். சுவிட்ச் எப்போதும் பேஸில்தான் வர வேண்டும். நியூட்ரலில் சுவிட்ச் போட்டாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். பல்பு மாற்ற ஏணியில் ஏறியவர் தூக்கி எறியப்படுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அடுத்தது, கருவிகளோடு வருகிற வயர். பழைய கிரைண்டரின் வயரை உரித்தால் சிவப்பு, கறுப்பு, பச்சை. இன்று வாங்கும் இஸ்திரிப் பெட்டியோ ஃபிரிட்ஜோ, உரித்தால் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் கோடு. பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், கோடு போட்டது எர்த். இப்போது நம் வீட்டுச் சுவரை நினைத்துப் பாருங்கள். சுவருக்குள் நீலம் ஒரு பேஸ். கருவியின் வயரில் நீலம் நியூட்ரல். ஒரே நிறம், நேர் எதிரான பொருள்.

செல்லூரில் ஒரு மாவு அரைக்கும் கடை. மூன்று பேஸ் இணைப்பு உண்டு. புதிதாக வாங்கிய ஒற்றை பேஸ் கிரைண்டருக்குப் பிளக் வைக்கப் பொறுமையில்லாமல், கடைக்காரரின் உறவினர் ஒருவர் நேராகப் போர்டிலேயே இணைத்தார். பழுப்பைச் சிவப்போடு சேர்த்தார். நீலத்தை நீலத்தோடு சேர்த்தார். பார்ப்பதற்கு எவ்வளவு சரியாக இருக்கிறது! ஆனால் இரண்டு பேஸ்களுக்கு இடையே இருப்பது 230 அல்ல, சுமார் 400 வோல்ட். சுவிட்சைத் தட்டிய சில நொடிகளில் கெபாசிட்டர் வெடித்து, காயில் எரிந்த நாற்றம் தெருவரைக்கும் வந்தது. நான் போனபோது கிரைண்டர் கல்லில் ஊறிய உளுந்து அப்படியே கிடந்தது. நீலத்தைக் கறுப்போடு சேர்த்திருந்தால் அன்றைக்கே மாவு அரைந்திருக்கும்.

ஏன் இப்படி நிறத்தை மாற்றினார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒரு நிற வழக்கம் வைத்திருந்தது. பிரிட்டனில் சிவப்பு என்றால் பேஸ். ஜெர்மனியில் ஒரு காலத்தில் சிவப்பு என்றால் எர்த். ஒரு நாட்டில் செய்த இஸ்திரிப் பெட்டியை இன்னொரு நாட்டில் ஒருவர் தன் வழக்கப்படி பிளக்கில் மாட்டினால், ஆனையூர் வாஷிங் மெஷின் கதைதான். சரக்கு எல்லை தாண்டத் தொடங்கியதும் இந்தக் குழப்பம் உயிர் வாங்கும் விஷயமாகிவிட்டது. அதனால் கருவிகளின் வயரில் பழைய பொருளோடு மோதாத நிறங்களாக, பேஸுக்குப் பழுப்பு, நியூட்ரலுக்கு நீலம், எர்த்துக்குப் பச்சையும் மஞ்சளும் கலந்த கோடு என்று தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டன் இதைக் கருவிகளின் வயருக்கு 1969இல் சட்டமாகவே கொண்டுவந்தது. உலகின் பெரும்பகுதியில் விற்கிற கருவிகளில் அதுவே நிலைத்துவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் ஒரு தம்பியிடமிருந்து கற்றேன். என்னிடம் வேலை பழக வந்தவன். கை சுத்தம், கூர்மையான புத்தி. ஆனால் மாலை வெளிச்சம் மங்கினால் சிவப்பு கேட்டதற்குப் பச்சையைத் தருவான். கவனக்குறைவு என்று நினைத்து ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கடுமையாகத் திட்டிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் ஏதோ உறுத்தி, ஒரு பையிலிருந்த வெட்டு வயர்களைத் தரையில் கொட்டி நிறவாரியாகப் பிரிக்கச் சொன்னேன். சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் ஒரே குவியலில் விழுந்தன. பச்சை-மஞ்சள் கோடு போட்ட துண்டுகளை மட்டும் ஒன்றுகூட விடாமல் தனியே எடுத்து வைத்தான். “இதில் கோடு தெரிகிறதே, அண்ணே” என்றான். அன்று அவனைத் திட்டியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்துணர முடியாத கண் பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். நம் தொழிலிலோ பெரும்பாலும் ஆண்கள். சிவப்பைப் பேஸுக்கும் பச்சையை எர்த்துக்கும் வைப்பது, எந்த இரண்டை மாற்றவே கூடாதோ அந்த இரண்டுக்கும் அவர்கள் குழம்புகிற இரண்டு நிறங்களைக் கொடுப்பது. கோடு போட்ட எர்த் வயரை நிறம் தெரியாதவரும் கோட்டை வைத்து அறிவார். அந்தக் கோட்டுக்கும் உலக அளவில் ஓர் அளவு இருக்கிறது: வயரின் எந்த 15 மில்லிமீட்டர் நீளத்தை எடுத்தாலும் இரண்டு நிறங்களில் எதுவும் 30 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எங்கே வெட்டினாலும், எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் இரண்டு நிறமும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான். புது வீட்டுக்கு எர்த் வயர் வாங்கும்போது வெறும் பச்சையை விட்டுப் பச்சை-மஞ்சளைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தம்பி இப்போது சொந்தமாகத் தொழில் செய்கிறான். ஒவ்வொரு வயர் முனையிலும் ஃபெரூல் என்கிற எண் போட்ட சின்ன வளையம் மாட்டாமல் போர்டை மூட மாட்டான். அவன் கட்டிய போர்டைத் திறந்தால் மனம் நிறைகிறது.

கருவிகளின் வயர் மாறிய பிறகும் பிரிட்டனில் சுவருக்குள் போகிற வயர் பழைய சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பிலேயே நெடுங்காலம் இருந்தது. 2004 மார்ச் 31 முதல் புதிய நிறங்களை அனுமதித்து, 2006 ஏப்ரல் 1 முதல் புதிய வேலை எல்லாம் புதிய நிறத்தில்தான் என்று ஆக்கினார்கள். பேஸ்களுக்குப் பழுப்பு, கறுப்பு, சாம்பல், நியூட்ரலுக்கு நீலம். சிங்கப்பூர் இதையே 2009 மார்ச் 1 முதல் எடுத்துக்கொண்டது. அந்த மாற்றம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மேலூர், திருமங்கலம் பக்கம் தெருவுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இந்த வேலை பார்த்துத் திரும்பியவர் இருப்பார்.

மேலூர் அருகே அப்படிப்பட்ட ஒருவர், சிங்கப்பூரில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு கட்டினார். வயரிங் முழுவதும் தன் கையாலேயே செய்தார். அங்கே பழகிய நிறத்தில் செய்தார். பழுப்பு வயரைக் கடையில் சொல்லி வைத்து வரவழைத்தாராம். வேலை அத்தனை நேர்த்தி. பைப்புக்குள் ஓர் ஒட்டு இல்லை. பிறகு மீண்டும் வெளியூர் போய்விட்டார். ஃபேன் ஓடவில்லை என்று வீட்டார் என்னை அழைத்தார்கள். போர்டைத் திறந்தால் சுவிட்சுக்கு வருகிற வயர் கறுப்பு. நம் கண்ணுக்கு அது நியூட்ரல். சுவிட்சில் நியூட்ரலா என்ற சந்தேகத்தில் டெஸ்டரை வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. மீட்டரில் கறுப்புக்கும் எர்த்துக்கும் 231 வோல்ட். நீலத்துக்கும் எர்த்துக்கும் ஒன்றரை வோல்ட். அவர் வழக்கப்படி எல்லாம் மிகச் சரி. அவர் வழக்கம் தெரியாதவர் கையில் அதுவே ஆபத்து.

அங்கே ஒரு வயரையும் நான் மாற்றவில்லை. கரண்ட் ஒவ்வொரு அறைக்கும் பிரிகிற டிபி பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, இந்த வீட்டில் கறுப்பு பேஸ், நீலம் நியூட்ரல் என்று பெரிதாக எழுதினேன். ஒவ்வொரு போர்டிலும் கறுப்பு வயரின் முனையில் இரண்டு சுற்றுச் சிவப்பு டேப், நீலத்தின் முனையில் கறுப்பு டேப். பிரிட்டனிலும் பழைய நிறமும் புதிய நிறமும் கலந்திருக்கும் கட்டடத்தில் பெட்டி அருகே எச்சரிக்கை அறிவிப்பு வைக்க வேண்டும் என்று விதி இருந்தது. வீட்டில் இரண்டு வழக்கம் கலந்திருந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் மேசை விளக்குகளைப் பற்றி ஒரு வரி. அங்கே வெள்ளை நியூட்ரல், கறுப்பு பேஸ், பச்சையோ வெற்றுச் செம்போ எர்த். நிறம் ஒருபுறம் இருக்கட்டும், அது 120 வோல்ட் பொருள். நம் பிளக்கை மாட்டி நேராகச் செருகாதீர்கள்.

இனி சோதிக்கும் முறை. மெயினை இறக்குங்கள். இறக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், ஏனென்றால் இன்று பல வீடுகளில் இன்வர்ட்டர் இருக்கிறது. மெயின் இறங்கியதும் மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து இன்வர்ட்டர் தானாகவே கரண்ட்டைத் தரத் தொடங்கும். விளக்கு, ஃபேன் வயர்களில் அதே 230 வோல்ட் திரும்ப வந்துவிடும். இன்வர்ட்டரையும் அணைத்துவிட்டுத்தான் போர்டில் கை வைக்க வேண்டும். இன்வர்ட்டரிலிருந்து வருகிற பேஸ் வயருக்கென்று ஒரு நிறத்தைத் தனியாக ஒதுக்கி, வீடு முழுக்க அதையே போடச் சொல்லுங்கள். மாடியில் சோலார் இருந்தால் இன்னும் கவனம்: பகலில் பேனலை அணைக்க வழியில்லை, அங்கே சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ், இரண்டும் ஒரே அளவு ஆபத்து.

டெஸ்டரை முதலில், நீங்கள் இறக்கிய மெயினில் சேராத, பக்கத்து வீடு போன்ற இடத்தில், கரண்ட் இருப்பது உறுதியான ஒரு சாக்கெட்டில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் வயரில் வையுங்கள். பிறகு மீண்டும் அதே சாக்கெட்டில். இடையில் டெஸ்டர் செத்துப்போயிருந்தால் மூன்றாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும். எனக்குத் தொழில் சொல்லித் தந்த அண்ணன் இதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

ஆனால் டெஸ்டர் தரும் பதில் பாதிதான். சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய வீட்டில் சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தது. இரண்டும் பேஸ் என்று வீட்டுக்காரர் அஞ்சினார். உண்மையில் நியூட்ரல் எங்கோ அறுந்திருந்தது. போட்டு வைத்திருந்த ஒரு விளக்கின் வழியாகப் பேஸ் கடந்து, திரும்பிப் போக வழியில்லாமல் அறுந்த நியூட்ரலில் வந்து நின்றது. அங்கே மீட்டர்தான் உண்மையைச் சொல்லும். இரண்டு துளைக்கும் இடையே அளந்தேன்: கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டும் உண்மையாகவே வேறுவேறு பேஸாக இருந்திருந்தால் 400 காட்டியிருக்கும். நல்ல நிலையில் உள்ள சாக்கெட்டில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் சுமார் 230, பேஸுக்கும் எர்த்துக்கும் சுமார் 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட். இந்த மூன்றாவது அளவு 230 என்று வந்து, இரண்டாவது அளவு கிட்டத்தட்ட பூஜ்யமானால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 இருந்தும், எர்த்தோடு வைத்தால் இரண்டிலும் ஒன்றுமே காட்டாவிட்டால் எர்த் இல்லை.

மீட்டரும் சில நேரம் ஏமாற்றும். எதிலும் சேராத ஒரு வயர், பைப்புக்குள் பேஸ் வயரோடு சேர்ந்து ஓடினால் மீட்டரில் 60, 80 என்று ஏதோ காட்டும். டெஸ்ட் லேம்ப்பை, அதாவது ஹோல்டரிலிருந்து இரண்டு வயர் நீட்டிய பல்பை, அந்த வயருக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைத்தால் எரியாது. பேயாகத் தெரிந்த வோல்ட் அங்கேயே மறையும். மூன்று பேஸ் போர்டில் இரண்டு பேஸ்களுக்கு இடையே சோதிக்க, ஒரே அளவுள்ள இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்த லேம்ப்தான் வேண்டும். ஒற்றைப் பல்பு 400 வோல்ட்டில் வெடிக்கும். ஆனால் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே லேம்ப்பை ஒருபோதும் வைக்காதீர்கள். எர்த் பாதியில் அறுந்திருந்தால், அந்தப் பல்பின் வழியாக வீட்டிலுள்ள எல்லாத் தகர உடம்புக்கும் கரண்ட் போய்ச் சேரும்.

வாடிப்பட்டி பக்கம் ஒரு தோப்பில், போர் மோட்டாரில் தண்ணீர் பாதியாகக் குறைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போர் வற்றிவிட்டது என்று பெரியவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஸ்டார்ட்டரில் சிவப்பு, மஞ்சள், நீலம் அதே இடத்தில் ஒழுங்காக நின்றன. இரண்டு நாள் முன் கம்பத்தில் ஏதோ வேலை நடந்ததா என்று கேட்டேன். நடந்ததாம். கம்பத்தில் இரண்டு லைன் இடம் மாறினால், கீழே நிறங்கள் அப்படியே இருக்க, அவற்றின் வரிசை மாறிவிடும். மோட்டார் எதிர்த் திசையில் சுற்றும். எதிர்த் திசையிலும் சப்மர்சிபிள் கொஞ்சம் தண்ணீர் தள்ளும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்படியே விட்டால் மோட்டாரின் அடித் தாங்கி கெட்டுவிடும். மெயினை இறக்கி, ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகிற மூன்றில் எந்த இரண்டை மாற்றினாலும் சரியாகிவிடும். மஞ்சளையும் நீலத்தையும் மாற்றினேன். குழாய் வாய் நிறையத் தண்ணீர் வந்ததும் பெரியவர் வாய்க்கால் ஓரம் ஓடியதை மறக்க முடியாது. மாற்றிய இரண்டு முனைகளிலும் டேப் சுற்றி, ஸ்டார்ட்டர் மூடியில் தேதியும் எழுதி வைத்தேன். அடுத்த முறை கம்பத்தில் வேலை நடந்தால் மீண்டும் இதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் மர ரீப்பர் மேல் தகர கிளிப் அடித்து ஓடுகிற வயர்களுக்கு இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. பலவற்றில் எல்லாமே ஒரே நிறம். பிளாஸ்டிக் வயரிலும் வெயில் பட்ட சிவப்பு வெளிறி, அடுப்படிப் புகை பட்ட பச்சை கறுத்துவிடும். துணியால் துடைத்துவிட்டு, வெளிச்சம் படாத பைப் வாய்க்குள்ளிருந்து இரண்டு விரற்கடை நீளம் வெளியே இழுத்துப் பாருங்கள். முதல் நாள் நிறம் அங்கே இருக்கும். இழுக்கும்போது இன்சுலேஷன் நொறுங்கினால் நிறத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு வயரையே மாற்றச் சொல்லுங்கள்.

நிறம் தவறிப்போவதற்கு நான் கண்ட முதல் காரணம் வயர் போதாமை. வயர்ச் சுருள், அதாவது காயில், ஒன்று 90 மீட்டர். சிவப்பு தீர்ந்து இரண்டு போர்டு மிச்சம் இருக்கும். வேலையாள் நிற்கிறார், கடை மூடும் நேரம். மூலையில் பச்சை பாதிக் காயில் கிடக்கிறது. ஆனையூரில் நடந்தது இதுதான். வீடு கட்டுகிறவர்கள் பேஸ் நிறத்தில் ஒரு காயில் கூடுதலாக வாங்கி வையுங்கள், மிஞ்சினால் கடையில் திருப்பிக்கொள்வார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வேறு வழியே இல்லையென்றால் மஞ்சளோ நீலமோ பேஸாகப் போகட்டும். பச்சையும் கோடு போட்ட பச்சையும் எர்த்தைத் தவிர வேறு எதற்கும் போகக்கூடாது. டேப் சுற்றியும்கூடக் கூடாது. பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் பைப்போடு படம் எடுத்து வையுங்கள். பழைய போர்டைக் கழற்றும்போதும் முதலில் படம், பிறகு திருப்புளி.

ஆனையூர் வீட்டில் அன்று மெயினிலிருந்து அந்தப் போர்டுக்குப் பச்சை-மஞ்சள் எர்த் இழுத்தேன். விளக்கின் பச்சையை உருவிவிட்டுச் சிவப்பு போட்டேன். 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாக மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயினில் வைத்தேன். எல்லாம் முடித்து அளந்து பார்த்த பிறகு, எந்த அறை எந்த நிறம் என்று தாளில் எழுதிப் பெட்டிக் கதவுக்குள் ஒட்டினேன். இந்தத் தாளைப் பென்சிலால் எழுதுங்கள். சூட்டில் பேனா மை சில ஆண்டுகளில் மங்கிவிடுகிறது. பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது, வயர் மாறினால் அழித்துத் திருத்தவும் முடியும்.